லென்ஸ் மாற்றியும் ஓடாத படம்: கொழிஞ்சாம்பாறையில் ஒரு பழுதுபார்ப்பு நிகழ்வின் ஆய்வு

கொழிஞ்சாம்பாறை பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும், கடைத்தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். கிழக்கே வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கோவை மாவட்டம் வந்துவிடும். இங்கே பல ஆண்டுகளாக மின்னணுச் சாதனங்களைப் பழுது பார்த்து வருகிறேன். வீடியோ கேம் கன்சோல்கள் என் மேசைக்கு வருவது பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் அட்டைப் பெட்டிகள் வழியாகத்தான். ஆகவே எங்கள் ஊரில் கன்சோல் என்றால் பில் இல்லாமல், உத்தரவாத அட்டை இல்லாமல், பல நேரம் ரிமோட்டும் இல்லாமல் வரும் பொருள் என்றே கொள்ளலாம். கீழே விவரிக்கும் நிகழ்வு 2014 ஏப்ரலில் நடந்தது. அதில் தவறு செய்தவன் நான். அந்தத் தவறு எந்த இடத்தில் நுழைந்தது என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் பார்க்கும்படி எழுதி வைப்பதே இதன் நோக்கம்.

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு வாசகசாலைக்கு, ஷார்ஜாவிலிருந்து குடும்பத்தோடு திரும்பிய ஒருவர் மூன்று கன்சோல்களையும் ஒரு பை நிறைய டிஸ்க்குகளையும் நன்கொடையாகக் கொடுத்திருந்தார். ஒன்று வெள்ளை நிற நின்டெண்டோ வீ. மற்றொன்று, அங்கே பழைய பொருளாக வாங்கிய மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ். மூன்றாவது சோனியின் பிளேஸ்டேஷன் 3. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு படம் போடலாம், ப்ரொஜெக்டர் ஏற்கெனவே இருக்கிறது, தனியாக டிவிடி பிளேயர் வாங்கும் செலவு மிச்சம் என்பது வாசகசாலைச் செயலாளரின் கணக்கு. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஷ்.

முதலில் அவர் எடுத்து வந்தது வீயைத்தான். "தம்பி, கேம் டிஸ்க் போட்டா நல்லா எடுக்குது. அதே அளவு, அதே மினுமினுப்பு, படத்து டிஸ்க்கைப் போட்டா மட்டும் படிக்க முடியலைன்னு சொல்லுது. ரெண்டும் டிவிடி தானே?" என்றார். "லென்ஸ் வீக் ஆயிருக்கும் மாஷே, மாத்திட்டா ஓடும்" என்று நான் சொன்னேன். பார்க்காமலே சொன்னேன்.

அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முன் நான் நூற்றுக்கணக்கில் பார்த்தவை பிளேஸ்டேஷன் 2 கன்சோல்கள். அவற்றின் லென்ஸ் தொகுதியில் சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் அலைநீளம் என இரண்டு லேசர்கள் உண்டு. ஒன்று சோர்ந்துவிட்டால் நீல அடிப்பாகம் கொண்ட சிடி கேம்கள் ஓடும், டிவிடி கேம்கள் ஓடாது, அல்லது நேர்மாறாக நடக்கும். ஒரு வகை டிஸ்க் ஓடி இன்னொரு வகை ஓடவில்லை என்றால் லென்ஸ்தான் என்பது இதனால் எங்கள் கைகளில் ஊறிப்போன முடிவு. வீக்கு அது பொருந்தாது. வீயின் கேம் டிஸ்க்கும் படத்தின் டிவிடியும் 12 சென்டிமீட்டர் அகலமுள்ளவை. ஒரு அடுக்கில் 4.7 ஜிபி கொள்ளக்கூடியவை. இரண்டையும் படிப்பது அதே சிவப்பு லேசர். கேம் டிஸ்க்கைத் தடங்கலின்றிப் படிக்கும் லேசருக்குப் பட டிஸ்க்கைப் படிக்கத் தெம்பு இல்லை என்று சொல்வதற்கு இடமே இல்லை. இதை அன்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்த ஆய்வு எழுத வேண்டியிருந்திருக்காது.

முக்கிளைத் தலை கொண்ட ஸ்க்ரூக்களைக் கழற்றி, டிரைவை வெளியே எடுத்து, கோவையிலிருந்து வரவழைத்த லென்ஸைப் பொருத்தினேன். பொருளும் போக்குவரத்துமாக 1,100 ரூபாய் ஆயிற்று. பட டிஸ்க்கைச் செருகினேன். டிரைவ் அதை உள்ளே இழுத்துக்கொண்டது, மோட்டார் வேகம் பிடித்தது, லென்ஸ் ஒருமுறை மேலும் கீழும் அசைந்து குவியம் தேடியது, மோட்டார் அடங்கியது, டிஸ்க்கைப் படிக்க இயலவில்லை என்ற வாசகம் திரையில் வந்தது. பழைய லென்ஸைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே ஓசை, அதே இடைவெளி, அதே வாசகம். ஆறு முறை போட்டும் ஒரு முறைகூட மாறவில்லை. பழுது என்றால் தடுமாறும்: ஒரு தடவை ஓடும், ஒரு தடவை பாதியில் நிற்கும், சூடானால் ஒரு மாதிரி, ஆறினால் ஒரு மாதிரி இருக்கும். இந்தக் கன்சோல் தடுமாறவே இல்லை. டிஸ்க் எது என்பதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அது மறுக்கிறது என்ற ஐயம் அப்போதுதான் எனக்கு வந்தது.

ஐயத்தை உறுதிப்படுத்தியது எக்ஸ்பாக்ஸ். அதே டிஸ்க்கை அதில் வைத்தபோது, படம் பார்க்க வேண்டுமானால் அதற்கென்று விற்கப்படும் டிவிடி பிளேபேக் கிட் தேவை என்ற பொருளில் திரையில் அறிவிப்பு வந்தது. டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று அது சொல்லவில்லை. படம் உள்ள டிவிடி என்று கண்டுகொண்டு, துணைக்கருவியைக் கேட்டது. அந்தப் பையிலோ பெட்டியிலோ கிட் இல்லை. பிறகு ஒரு எக்ஸ்பாக்ஸ் கேம் டிஸ்க்கை என் கடையிலிருந்த சாதாரண டிவிடி பிளேயரில் போட்டேன். அங்கே ஒரு சிறு படத்துண்டு ஓடி, இந்த டிஸ்க்கை எக்ஸ்பாக்ஸில் போடும்படி சொல்லியது. ஆக, அந்த டிஸ்க்கில் டிவிடி பிளேயருக்குப் புரியும் ஒரு சிறு பகுதியும், எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் திறக்கும் பெரும் பகுதியும் இருக்கின்றன. டிஸ்க்கின் பௌதிக வடிவம் ஒன்று, அதன்மேல் எழுதப்பட்ட ஒழுங்கு இன்னொன்று, அந்த ஒழுங்கைத் திறக்கும் உரிமை மூன்றாவது. இவை வேறு வேறு என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தச் சோதனைதான்.

உரிமத்தின் கணக்கு

டிவிடி என்பது ஒரே நிறுவனத்தின் கண்டுபிடிப்பு அல்ல. 1995 இல் ஒரு கூட்டமைப்பாக இணைந்த நிறுவனங்கள் அதன் விவரக்குறிப்பை வகுத்தன. ஆனால் காப்புரிமைகள் பல கைகளில் இருந்தன. தோஷிபா, ஹிட்டாச்சி, மட்சுஷிடா, மிட்சுபிஷி, ஜேவிசி, டைம் வார்னர் ஆகியவை ஒரு குழுவாகவும், பிலிப்ஸ், சோனி, பயனியர் ஆகியவை இன்னொரு குழுவாகவும் உரிமம் கொடுத்தன. இது டிஸ்க்குக்கும் பிளேயருக்கும் உரிய பகுதி. படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் எம்பெக்-2 முறைக்கு எம்பெக் எல்ஏ என்ற அமைப்பிடம் தனிக் கட்டணம். டால்பி ஒலிக்குத் தனி. படத்தைப் பூட்டி வைக்கும் சிஎஸ்எஸ் என்ற மறையாக்கத்துக்கு இன்னொரு அமைப்பிடம் ஆண்டுக் கட்டணம். எம்பெக்-2 க்கு மட்டும் படம் காட்டும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தொடக்கத்தில் 4 டாலரும், 2002 முதல் இரண்டரை டாலரும், 2010 முதல் 2 டாலரும் வாங்கப்பட்டது.

இரண்டரை டாலர் பெரிய தொகையா என்று மாஷ் கேட்டார். வீ உலகெங்கும் 10 கோடிக்கு மேல் விற்ற கன்சோல். சராசரியாக 2 டாலர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 20 கோடி டாலர் ஆகிறது; அதுவும் நான்கைந்து கட்டணங்களில் ஒன்றுக்கு மட்டும். 2006 நவம்பரில் அமெரிக்காவில் 250 டாலருக்கு விற்பனைக்கு வந்த ஒரு கன்சோலில், வாங்குபவர்களில் பலர் வீட்டில் ஏற்கெனவே டிவிடி பிளேயர் இருக்கும்போது, இந்தச் செலவைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று நின்டெண்டோ நினைத்ததில் வியப்பில்லை. டிவிடி படம் ஓடும் ஒரு வீ ஜப்பானில் 2007 இல் வரும் என்று ஒருமுறை அறிவிக்கப்பட்டது. அது கடைக்கு வரவே இல்லை. அடுத்த கன்சோலான வீ யூவுக்கு 25 ஜிபி டிஸ்க் கொடுத்தபோதும் அது டிவிடியையும், அதற்கு அடுத்த தலைமுறைப் பட டிஸ்க்கான புளூரேயையும் ஓட்டவில்லை. 2011 இல் முதலீட்டாளர்கள் கேட்டபோது நின்டெண்டோவின் தலைவர் சதோரு இவாட்டா சொன்ன காரணமும் இதுதான்: காப்புரிமைச் செலவு உண்டு, மக்களிடம் ஏற்கெனவே பிளேயர்கள் உள்ளன.

இதே நிறுவனம் வீக்கு முன் விற்ற கன்சோலான கேம்கியூபின் கதையைப் பார்த்தால் உரிமம் யார் கையில் இருந்தது என்பது இன்னும் தெளிவாகும். கேம்கியூபுக்கு 8 சென்டிமீட்டர் அகலமும் ஏறத்தாழ ஒன்றரை ஜிபி கொள்ளளவும் உள்ள சிறு டிஸ்க்கைச் செய்து கொடுத்தது மட்சுஷிடா, அதாவது பானசோனிக். அந்த டிஸ்க் டிவிடி தொழில்நுட்பத்தின் மேல் நின்றது. ஆனால் டிவிடி அல்ல. 2001 டிசம்பரில் பானசோனிக் தானே ஜப்பானில் கியூ என்ற பெயரில் ஒரு கன்சோலை விற்றது. உள்ளே அதே கேம்கியூப். முகப்பில் கண்ணாடி போல மின்னும் பெட்டி. அதில் படங்களும் ஓடின. டிவிடி காப்புரிமைக் குழுவில் அமர்ந்திருந்த நிறுவனம் விற்றால் படம் ஓடுகிறது, அந்தக் குழுவுக்கு வெளியே இருந்த நிறுவனம் விற்றால் ஓடவில்லை. நான் மேசைமேல் ஸ்க்ரூ கழற்றிக் கொண்டிருந்த வித்தியாசம் இதுதான். கேம்கியூப் டிஸ்க் எதிர்த்திசையில் சுற்றும், அதனால்தான் டிவிடி ஓடாது என்று எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையல்ல, மற்ற டிஸ்க்குகளைப் போலவே சுற்றுகிறது. தரவு குழப்பி எழுதப்பட்டிருக்கிறது, மையத்துக்கு அருகே பார்கோடு போன்ற ஒரு வளையம் இருக்கிறது, அவ்வளவுதான்.

சோனியின் நிலை வேறு. சிடியை பிலிப்ஸோடு சேர்ந்து உருவாக்கியதும், டிவிடி குழுவில் பங்கு வைத்திருந்ததும், பின்னர் புளூரேயை முன்னெடுத்ததும் அந்த நிறுவனமே. கேம் கன்சோலுக்குள் சோனி நுழைந்ததே டிஸ்க் உரிமத் தகராறில்தான். சூப்பர் நின்டெண்டோவுக்கு ஒரு சிடி டிரைவ் செய்து தருவதாக இரு நிறுவனங்களும் ஒப்பந்தம் போட்டிருந்தன. சிடியில் வரும் மென்பொருளுக்கான உரிமக் கட்டுப்பாடு அந்த ஒப்பந்தப்படி சோனியிடம் போய்விடும் என்பதை நின்டெண்டோ உணர்ந்து, 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி அறிவித்த மறுநாளே பிலிப்ஸோடு கூட்டு என்று அறிவித்தது. கைவிடப்பட்ட அந்த முயற்சியிலிருந்து வளர்ந்ததுதான் 1994 டிசம்பரில் ஜப்பானில் வந்த பிளேஸ்டேஷன். 2000 இல் வந்த பிளேஸ்டேஷன் 2 பல வீடுகளுக்கு முதல் டிவிடி பிளேயராகவும் இருந்தது. தொடக்கத்தில் ஜப்பானில் அதன் டிவிடி மென்பொருள் மெமரி கார்டில் வைத்தே தரப்பட்டது.

மைக்ரோசாஃப்ட் நடு வழியை எடுத்தது. 2001 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸில் டிவிடி டிரைவ் இருந்தது. படம் ஓட்டும் உரிமம் மட்டும் அதன் விலையில் சேர்க்கப்படவில்லை. யாருக்குப் படம் வேண்டுமோ அவர் ஏறத்தாழ 30 டாலர் கொடுத்து ரிமோட்டும் ரிசீவரும் அடங்கிய கிட்டை வாங்க வேண்டும். அந்த ரிசீவர் வெறும் அகச்சிவப்புக் கண் அல்ல. படம் ஓட்டும் மென்பொருளே அதற்குள் உள்ள சில்லில் இருக்கிறது. கேம் மட்டும் விளையாடுபவர் படத்தின் கட்டணத்தைச் சுமக்க வேண்டாம் என்ற இந்த ஏற்பாடு, என் பார்வையில், மூவரின் ஏற்பாடுகளிலும் நேர்மையானது. குறை என்னவென்றால், கன்சோல் கை மாறும்போது கிட் முன்பே தொலைந்துவிடும். எக்ஸ்பாக்ஸ் 360 க்கு 2006 நவம்பரில் 199 டாலருக்கு வந்த வெளி எச்டி டிவிடி டிரைவும் இதே பழக்கத்தின் தொடர்ச்சி. எச்டி டிவிடி என்பது புளூரேக்குப் போட்டியாகத் தோஷிபா முன்னெடுத்த வடிவம். 2008 பிப்ரவரியில் தோஷிபா அந்த வடிவத்தைக் கைவிட்டதும் அதுவும் முடிந்தது.

மூன்றாவது கன்சோல்

பிளேஸ்டேஷன் 3 எல்லாவற்றையும் ஓட்டும் என்று மாஷுக்கு உறுதி கொடுத்தேன். இரண்டாவது முறையும் பார்க்காமல் சொன்ன உறுதி. சிடி, டிவிடி, 405 நானோமீட்டர் நீல ஊதா லேசரில் படிக்கும் புளூரே என மூன்றுக்கும் அதில் உரிமம் இருந்தது உண்மையே. பையிலிருந்த 23 பட டிஸ்க்குகளில் 15 ஓடின. மற்றவை, எந்த நாடுகளின் பிளேயரில் ஒரு டிஸ்க் ஓடலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் மண்டலக் குறியில் நின்றன.

டிவிடி உறையின் பின்பக்கம் சிறு உலக உருண்டைப் படத்துக்குள் ஒரு எண் இருக்கும். ஜப்பான், ஐரோப்பா, வளைகுடா நாடுகள் ஆகியவை மண்டலம் 2. இந்தியா மண்டலம் 5. ஷார்ஜாவில் வாங்கிய கன்சோலுக்கு அங்கே வாங்கிய குழந்தைகள் படங்கள் பொருந்தின. இங்கே வாங்கியவற்றில் எல்லா மண்டலத்துக்கும் என்று அச்சிட்டவை பொருந்தின. 5 என்று மட்டும் போட்டவை பொருந்தவில்லை. புளூரேயில் எண்ணுக்குப் பதில் எழுத்து: வளைகுடாவுக்கு பி, இந்தியாவுக்கு சி. பிளேஸ்டேஷன் 3 இன் கேம் டிஸ்க்குகளுக்கோ பெரும்பாலும் இந்தத் தடை இல்லை. எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும். படத்துக்கு ஒரு சட்டம், விளையாட்டுக்கு ஒரு சட்டம். கன்சோலின் அடியிலுள்ள மாதிரி எண்ணின் கடைசி இலக்கங்களே அது எந்தச் சந்தைக்குச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லிவிடும். நான் அதைப் படித்தது எட்டாவது டிஸ்க்கும் மறுக்கப்பட்ட பிறகுதான்.

வேலந்தாவளத்தில் லாரிகள் சரக்குச் சீட்டோடு நிற்பதை அந்நாளில் தினம் பார்த்துவந்த எங்களுக்கு இது புதிதாகத் தோன்றியிருக்கக் கூடாது. சரக்கு நன்றாகத்தான் இருக்கும்; சீட்டில் ஊர் தவறாக இருக்கும்.

எடுத்த முடிவும் அதன் பிறகும்

வீயில் வெளி மென்பொருள் ஏற்றினால் படம் ஓட்டலாம் என்பதை ஆர்வலர்கள் முன்பே செய்து காட்டியிருந்தார்கள். அந்த டிரைவுக்குத் திறன் இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் பொது நிறுவனம் ஒன்றின் பொருளில் தயாரிப்பாளர் அனுமதிக்காத மென்பொருளை ஏற்றுவது என் வேலையல்ல என்று முடிவு செய்தேன். வீயைப் பழைய லென்ஸோடு பூட்டி, விளையாட்டுக்கு மட்டும் என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தேன். படத்துக்கு பிளேஸ்டேஷன் 3; அதில் ஓடாத எட்டு டிஸ்க்குகளுக்கு என் கடையிலிருந்த டிவிடி பிளேயரை அந்தக் கோடை முழுவதும் இரவல் கொடுத்தேன். 1,100 ரூபாயை வாசகசாலைக் கணக்கில் ஏற்றவில்லை. பிள்ளைகள் படத்தைவிட வீயின் டென்னிஸுக்குத்தான் வரிசையில் நின்றார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அதன் பிறகு என் கடையில் ஒரு பழக்கத்தை மாற்றினேன். படம் ஓடவில்லை என்று கன்சோல் வந்தால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் மாதிரி எண்ணையும், டிஸ்க் உறையின் பின்பக்கத்தையும், கூட வந்த துணைக்கருவிகளையும் பார்க்கிறேன். கன்சோல்கள் மாறினாலும் இந்தக் கேள்விகள் பழையதாகவில்லை. பிளேஸ்டேஷன் 4 இல் படம் ஓட்டுவதற்கு முன் ஒருமுறை இணையத்தில் இணைத்துச் செயல்படுத்த வேண்டும். எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் புளூரே செயலியைத் தனியாக இறக்க வேண்டும். இணையம் இல்லாத வீட்டில் இரண்டுமே பழுது போலத் தோன்றும். 2016 இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் 4கே புளூரேயை ஓட்டியபோது, அதே ஆண்டு அதைவிட விலை கூடுதலாக வந்த பிளேஸ்டேஷன் 4 புரோ ஓட்டவில்லை. புளூரேயின் தாய்வீடு தயாரித்த கன்சோலிலேயே இப்படி என்றால் வாடிக்கையாளர் குழம்புவதில் குற்றமில்லை. 2023 இல் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5 இல் டிரைவையே கழற்றிப் பூட்டலாம், ஆனால் முதல் முறை இணைக்க இணையம் வேண்டும். எம்பெக்-2 இன் அமெரிக்கக் காப்புரிமைகள் 2018 பிப்ரவரியில் காலாவதியாகிவிட்டன. அதற்குள் டிஸ்க் செருகும் வாயே கன்சோலிலிருந்து மறையத் தொடங்கிவிட்டது.

எக்ஸ்பாக்ஸ் மட்டும் வாசகசாலை அலமாரியில் கிடந்தது. அந்த 2014 ஆகஸ்டில் நன்கொடையாளரின் தம்பி விடுமுறைக்கு ஊர் வந்தபோது, ஷார்ஜா வீட்டு மேசையறையில் கிடந்ததாக ஒரு பாலிதீன் உறையைக் கொண்டுவந்து மாஷிடம் கொடுத்தார். உள்ளே ஒரு ரிமோட்டும், கன்ட்ரோலர் செருகும் துளையில் பொருந்தும் விரல் நீள ரிசீவரும் இருந்தன. ரிசீவரைச் செருகி, ஏப்ரலில் அதே எக்ஸ்பாக்ஸ் மறுத்த அதே டிஸ்க்கை மாஷே தட்டில் வைத்தார். லென்ஸைத் துடைக்கக்கூட இல்லை. படத்தின் மெனு திரையில் வந்துவிட்டது. ரிமோட் மட்டும் வேலை செய்யவில்லை. பேட்டரி அறையைத் திறந்தால் முனைகளில் பச்சை பூத்திருந்தது. அதைச் சுரண்டி, ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். இந்த நிகழ்வு முழுவதிலும் நான் உண்மையில் நீக்கிய பழுது அது ஒன்றுதான்.